நோஞ்சான் குஞ்சைக் கைவிடலாமா?

‘பத்துக் குஞ்சு பொரித்தது. எட்டு நன்றாக ஓடுகிறது. ரெண்டு மட்டும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாகவே நிற்கிறது. இரை எடுப்பதில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?’

வார்த்தை மாறினாலும் விஷயம் மாறாமல், இந்தக் கேள்வி நமது கேள்வி-பதில் பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. எனக்கும் இது பழகிய கேள்விதான். வேளாண்மை அலுவலராக நான் கிராமத்துக்குப் போவது நெல்லில் குருத்துப்பூச்சி, கடலையில் வேர்ப்புழு, உளுந்தில் மஞ்சள் தேமல் என்று பேசத்தான். கூட்டம் முடிந்து ஆண்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்த பிறகு, பெண்கள் மெதுவாகக் கிட்டே வருவார்கள். ஒருவர் முந்தானையை விரிப்பார். உள்ளே கண்ணை மூடியபடி ஒரு குஞ்சு இருக்கும். “இது பொழைக்குமா மேடம்?”

‘நான் கால்நடை டாக்டர் இல்லையே’ என்று சொல்லித்தான் பேச ஆரம்பிப்பேன். ஆனால், அதோடு நகர்ந்துவிட முடியாது. வயல் வருமானம் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போகிறது. கோழி விற்ற காசு மட்டும்தான் பல வீடுகளில் பெண்ணின் சுருக்குப் பைக்குள் நேராகப் போகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், திடீர்க் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, சீர் செய்முறை எல்லாம் அதிலிருந்துதான். ஒரு அடைக்கு பத்துக் குஞ்சு பொரித்து, அதில் நாலு வளராமல் போனால், அந்தப் பெண்ணுக்குப் போவது நாலு குஞ்சு மட்டுமில்லை. ஆறு மாதத்துக்கு அப்புறம் வர வேண்டிய கைக்காசு.

அதனால், இத்தனை வருடத்தில் கோழி வளர்க்கும் பெண்களிடமும், கால்நடை மருத்துவர்களிடமும் கேட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

நோஞ்சான் குஞ்சைப் பார்த்ததும் நாம் மருந்தைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, எத்தனை குஞ்சு அப்படி இருக்கிறது என்று எண்ணுவது.

பத்தில் ஒன்று மட்டும் சவலையாக இருந்தால், பெரும்பாலும் அது அந்தக் குஞ்சின் பிரச்னை. தாமதமாகப் பொரித்திருக்கும், கால் சரியில்லாமல் இருக்கும், மற்றவை மிதித்திருக்கும். மூன்று, நாலு என்று போனால், அது குஞ்சின் பிரச்னை இல்லை. சூடு, தண்ணீர், படுக்கை, தீவனம், தாய்க்கோழி ஆகிய ஐந்தில் ஒன்றில் கோளாறு. வயலில் ஒரு நாற்று மஞ்சளாக இருந்தால் அந்த நாற்றைப் பார்ப்போம், பாத்தி முழுக்க மஞ்சளாக இருந்தால் மண்ணைப் பார்ப்போம் இல்லையா? அதே கணக்குதான்.

அடுத்தது, எத்தனையாவது நாள் என்று பார்க்க வேண்டும். முட்டைக்குள் இருந்து வரும்போதே குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அது ரெண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். தாய்க்கோழி கடைசி முட்டை பொரிக்கும்வரை அடையை விட்டு எழாமல் இருப்பதும், பொரிப்பகத்தில் இருந்து பெட்டியில் அடைத்துத் தொலைதூரத்துக்குக் குஞ்சுகளை அனுப்ப முடிவதும் இதனால்தான். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இரை எடுக்கப் பழகாத குஞ்சுகூட முதல் ரெண்டு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். மிச்சக் கரு தீர்ந்ததும் நாலாவது, ஐந்தாவது நாளில் திடீரென்று சாயும். ‘நேற்றுவரை நல்லாத்தான் இருந்துச்சு’ என்று சொல்வது இப்படிப்பட்ட குஞ்சைத்தான். அது நேற்று நன்றாக இல்லை, பட்டினியாக இருந்திருக்கிறது.

முதல் ரெண்டு நாளில் சாகிறவை பெரும்பாலும் முட்டையில் இருந்தே பலவீனத்தோடு வந்தவை, அல்லது தொப்புள் வழியாகக் கிருமி புகுந்தவை. மூன்றாவது வாரத்துக்கு மேல் உப்பிக்கொண்டு நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. மருந்தகத்துக்குப் போக வேண்டியதுதான்.

சூடு, அப்புறம் தண்ணீர், அப்புறம் தீவனம்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. குளிர்ந்து கிடக்கிற குஞ்சின் வாயில் தண்ணீரோ தீவனமோ புகட்டினால் அதனால் விழுங்க முடியாது, செரிக்கவும் முடியாது. மூச்சுக்குழலில் இறங்கி அங்கேயே செத்துப்போகும். குஞ்சைக் கையில் எடுத்துக் காலைத் தொட்டுப் பாருங்கள். கால் சில்லென்று இருந்தால் முதல் வேலை சூடு.

முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, விடாமல் உரக்கக் கத்தினால் சூடு போதவில்லை. விலகிப் போய் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் இருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, மெல்லிய குரலில் அவ்வப்போது முனகிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பத்துப் பதினைந்து குஞ்சுகளுக்கு ஒரு அகலமான அட்டைப்பெட்டியும், 40 அல்லது 60 வாட் குண்டு பல்பும் போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பல்பைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் தொங்கவிடுங்கள். அப்போதுதான் சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் ஒதுங்க முடியும். பல்பு அட்டையிலோ உமியிலோ படாதபடி கம்பியால் உறுதியாகக் கட்டுவது முக்கியம். தீப்பிடித்த வீடுகள் உண்டு.

உடல் சூடேறி, குஞ்சு கண்ணைத் திறந்து கழுத்தைத் தூக்கிய பிறகு தண்ணீர். கொதிக்க வைத்து ஆறவைத்த வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்துக்கொள்ளுங்கள். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த சொட்டு. அலகைப் பிளந்து ஊற்றவே கூடாது. மணிக்கொரு முறை நாலைந்து சொட்டு போதும். இந்த வெல்லத் தண்ணீர் முதல் நாளுக்கு மட்டும்தான். தொடர்ந்து கொடுத்தால் கழிச்சல் வரும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். நோஞ்சான் குஞ்சு தட்டுக்குள் விழுந்து நனைந்தால், அதுவரை பட்ட பாடு வீண்.

தெம்பு வந்ததும் தீவனம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, குஞ்சுக்கு ஒரு சிட்டிகை. மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். புளித்துப்போனால் அதுவே விஷம். பிறகு கம்புக் குருணையோ, குஞ்சுத் தீவனமோ பழைய சாக்கின்மேல் தூவி, விரலால் டொக் டொக் என்று தட்டிக் காட்டுங்கள். தாய்க்கோழி அலகால் தட்டிக் காட்டுகிற வேலை இது. பழகாத குஞ்சும் சத்தத்துக்கு வந்து கொத்தும். பக்கத்தில் சுறுசுறுப்பான குஞ்சு ஒன்றை விட்டால், அதைப் பார்த்து இதுவும் பழகிக்கொள்ளும். ஆனால், அது நோஞ்சானைக் கொத்த ஆரம்பித்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

கஜா அடித்த வாரம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி பக்கம் தென்னை, பலா, வாழை எதுவும் மிஞ்சவில்லை. பயிர்ச்சேதக் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததால் கரண்ட் வரப் பல நாள் ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு கிராமத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா, விழுந்து கிடந்த தன் பதினாறு தென்னையையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்ணில் தண்ணீர் இல்லை. கணக்கெடுத்து முடித்ததும், “அது கெடக்கட்டும் தாயி, இங்க வா” என்று அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூரையில் பாதி இல்லை. மிச்சமிருந்த மூலையில் ஒரு கூடை. அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி. புயலுக்கு முன்பே பன்னிரண்டு முட்டை அடை வைத்திருக்கிறார். கூரை பறந்த ராத்திரியில் மழை உள்ளே கொட்டியும் கோழி எழுந்திருக்கவில்லை. இவர் ஒரு முறத்தையும் பழைய தார்ப்பாயையும் அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஒன்பது பொரித்திருந்தது. அதில் நாலு குஞ்சு கூடைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. பொரிப்புக்கு ரெண்டு மூன்று நாள் இருக்கும்போது முட்டை குளிர்ந்தால் குஞ்சு தாமதமாகவும் தெம்பில்லாமலும்தான் வரும். நன்றாக இருந்த ஐந்தைக் கூட்டிக்கொண்டு தாய்க்கோழி இரை தேட வெளியே போவதற்குத் துடித்துக்கொண்டிருந்தது. போனால் இந்த நாலும் அங்கேயே முடிந்திருக்கும்.

“பேத்தி பன்னெண்டாவது படிக்குது. தென்னைய நம்பித்தான் காலேசுக்கு அனுப்பலாம்னு இருந்தேன். இனிமே இந்தக் கோழிதான். பொழைக்குமா?” என்றார். அவர் கேட்டது நாலு குஞ்சைப் பற்றி மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது. தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். கோழிக்கு ஆறு மாதம் போதும்.

கரண்ட் இல்லை, பல்பு இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய சேலைத் துணியால் ரெண்டு சுற்றுச் சுற்றி, ஒரு மண்சட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றி நாலு குஞ்சையும் விட்டோம். மேலே காற்றுப் போக இடம் விட்டுச் சாக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெந்நீரை மாற்ற வேண்டும். நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டார். மூடிய இடத்தில் கரி புகைந்தால் குஞ்சும் சாகும், ஆளுக்கும் ஆபத்து, வேண்டாம் என்றேன். தாய்க்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டோம். நல்ல குஞ்சுகள் பஞ்சாரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வரும். தாய் எங்கேயும் போகாது. இரவில் கோழி அசந்த பிறகு நோஞ்சான்களை ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் சொருகிவிடச் சொன்னேன். கோழிச் சூட்டுக்கு ஈடான சூடு வேறு கிடையாது.

மறுநாள் அந்த வழியாக வந்த கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். நாலில் ஒன்றுக்குத் தொப்புள் ஆறாமல் வயிறு உப்பியிருந்தது. “இது நிற்காது பாட்டி” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அன்று இரவே அது போய்விட்டது. இன்னொன்றுக்குக் கால் ரெண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தது. மூன்றாவதுக்குக் கழிவாய் அடைத்திருந்தது. இந்த ரெண்டும் நம் கையால் சரிசெய்யக் கூடியவை. நாலாவதுக்குச் சூடும் இரையும் மட்டுமே தேவைப்பட்டது.

நம் கையால் செய்யக் கூடியவை

கழிவாய் அடைப்பு: எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டு வழியை மூடிவிடும். ரெண்டு நாள் விட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும். காய்ந்ததைப் பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்து, மெதுவாகத் துடைத்தெடுங்கள். ஈரம் போகத் துவட்டி, சூட்டில் விட்டு, துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒரு எச்சரிக்கை: அதற்குச் சற்று முன்பக்கமாக வயிற்றில் தெரியும் சின்னக் காய்ந்த பொருக்கு தொப்புள். அதைக் கழிவாய் என்று நினைத்துப் பிய்த்துவிடக் கூடாது.

கால் விரிதல்: செய்தித்தாள், பிளாஸ்டிக் தாள்போல வழுக்கும் தரையில் விட்டால் அதிகம் வரும். சாக்கு விரித்தாலே பாதி குறையும். விரிந்த காலை, குஞ்சு இயல்பாக நிற்கும் அகலத்துக்குக் கொண்டுவந்து, ரெண்டு காலையும் மெல்லிய துணி நாடாவால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டுத்துணியும் சரிதான். தினமும் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் நிற்கும். முதல் வாரத்தில் செய்தால்தான் பலன். எலும்பு இறுகிய பிறகு திரும்பாது.

விரல் மடங்குதல்: வெறும் பச்சரிசிக் குருணையையே தின்று வளரும் குஞ்சுக்கு விரல் உள்பக்கமாக மடங்கி, முட்டி போட்டு நடக்கும். ‘பி-2’ என்ற உயிர்ச்சத்துக் குறைவுதான் காரணம். தீட்டிய அரிசியில் அது மிகவும் குறைவு. ஆரம்பத்திலேயே கவனித்தால் மருத்துவர் தரும் பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தில் சரியாகும். வராமல் தடுக்க, முதல் எட்டு வாரத்துக்கு 20 சதவிகிதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம் நல்லது. அது முடியாதவர்கள் கம்பு, கேழ்வரகு, தவிடு, கொஞ்சம் மோர், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு மண்பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. குஞ்சுக்கு அதைவிடச் சுலபமான புரதம் இல்லை.

பேன்: அடையில் இருந்த தாய்க்கோழியின் பேன், பொரித்த அன்றே குஞ்சின் தலைக்கு ஏறும். நன்றாகத் தின்றும் வளராத குஞ்சின் தலை, இறக்கை அடியைப் பிரித்துப் பாருங்கள். அடை வைப்பதற்கு முன்பே தாய்க்கோழிக்குப் பேன் நீக்குவதுதான் சரியான வழி. பெரிய கோழிக்குப் போடும் பூச்சி மருந்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்: இது நான் பார்த்து வருத்தப்பட்ட விஷயம். பொரிப்பகத்தில் இருந்து 200 குஞ்சு வாங்கிய ஒரு இளைஞர், நாற்பது குஞ்சு ஒடுங்கி நிற்பதைப் பார்த்து, கடைக்காரர் கொடுத்த பவுடர்களை வரிசையாகத் தண்ணீரில் கலந்தார். அங்கே நோய் எதுவும் இல்லை. ஒரு பக்கச் சுவரில் இருந்து விடிய விடியப் பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாக்குப் படுதா தொங்கவிட்டு, தண்ணீர்த் தட்டை அதிகப்படுத்திய பிறகுதான் சாவு நின்றது. மருந்துக்குச் செலவழித்த காசு போனது போனதுதான். உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கு கொலிஸ்டின் மருந்து கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து அது. எச்சத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்.

எதைக் காப்பாற்றலாம், எதை விடலாம்?

யாரும் எழுதத் தயங்கும் விஷயம் இது. எல்லாக் குஞ்சும் பிழைக்காது. தொப்புள் ஆறாமல், வயிறு நீலம் பாய்ந்து, நாற்றம் அடித்தால் நிற்காது. பிறவியிலேயே அலகு கோணியது, கண் இல்லாதது தேறாது. சூடும் தண்ணீரும் கொடுத்து ரெண்டு நாள் ஆகியும் தானாக நிற்காத, கொத்தாத குஞ்சுக்கு அதற்கு மேல் நாம் தருவது வேதனைதான். நோய் சந்தேகம் இருந்தால், நல்ல குஞ்சுகளோடு கலக்காமல் தனியே வைத்து, அதற்குக் கடைசியில் தீவனம் வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்ததைக் குப்பையிலோ குளத்திலோ வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். பெரிய கோழிகள் உட்பட மொத்தமாகத் திடீரென்று செத்தால், தொடாதீர்கள், சமைக்காதீர்கள், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

அப்பத்தா வீட்டில் மூன்று குஞ்சும் பிழைத்தன. கால் கட்டிய குஞ்சு நாலாம் நாள் நின்றது. பிறகு ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. ஒன்பதில் ஏழு வளர்ந்தது. புயலுக்குப் பிந்திய ஆறாவது மாதம், நாலு சேவலையும் ஒரு பெட்டையையும் சந்தையில் விற்று, பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்கும் முதல் மாத பஸ் செலவுக்கும் வைத்துக்கொண்டார். ‘தென்னை கொடுக்காததைக் கோழி கொடுத்துருச்சு’ என்று ஊரெல்லாம் சொன்னாராம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் நானும் ஒத்துப்போகவில்லை. கால் கட்டி வளர்த்த அந்தப் பெட்டையையும் தாய்க்கோழியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். நோஞ்சானாக இருந்து தேறியதை வம்சத்துக்கு வைக்கக் கூடாது, விற்றுவிடுங்கள் என்றேன். “நீ கணக்குச் சொல்ற தாயி. அது என் கையில வளந்துச்சு” என்றார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தவர் அவர்தான். அதை விற்கவும் இல்லை, அதன் முட்டையை அடை வைக்கவும் இல்லை. அது இட்ட முட்டை அத்தனையும் பேத்தியின் தட்டுக்குப் போனது. இன்றைக்கும் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அப்பத்தாவின் வழியைத்தான்.

அடுத்த அடைக்கு முன்னால்

நெல் விதைப்புக்கு முன்னால் உப்புக் கரைசலில் விதையைத் தேர்வு செய்யச் சொல்லிக்கொடுக்கிறோம். உப்பு சரியாகக் கரைந்ததா என்று பார்க்க நாங்கள் போடுவது கோழிமுட்டையைத்தான். நாலணா அளவுக்கு முட்டையின் முதுகு வெளியே தெரிய வேண்டும். நெல்லுக்கு விதை பார்க்க முட்டையைப் பயன்படுத்துகிற நாம், முட்டையை விதையாகப் பார்ப்பதில்லை. கிடைத்ததையெல்லாம் அடை வைக்கிறோம்.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். மிகச் சிறியது, மிகப் பெரியது, ஓடு மெலிந்தது, கீறல் விட்டது, அழுக்கானது வேண்டாம். சேர்த்து வைக்கும் நாள்களில் கூர்முனை கீழே இருக்கும்படி, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் துணி விரித்து வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த முட்டையில் கரு பாதி வளர்ந்து செத்துப்போகும். பொரித்தாலும் நோஞ்சான்தான். கோழியின் உடம்பு மூடுகிற அளவுக்கு மட்டும், பத்துப் பன்னிரண்டு முட்டை வையுங்கள். இரும்புத்துண்டு, காய்ந்த மிளகாய் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கூடைக்குப் பக்கத்தில் தண்ணீரும் தீவனமும் வைக்க மறக்காதீர்கள். அடையில் காய்ந்துபோன கோழி, குஞ்சைக் கவனிக்காது.

சேவலையும் பாருங்கள். ஒரே சேவலை மூன்று நாலு வருடம் வைத்திருந்தால், அது தன் மகளோடும் பேத்தியோடும் சேருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை பொரிப்பு குறைந்து, சவலைக் குஞ்சு கூடும். ‘முன்ன மாதிரி குஞ்சு தேறமாட்டேங்குது’ என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் கேட்பது சேவலின் வயதைத்தான். வருடத்துக்கு ஒரு முறை வேறு ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொண்டாலே போதும், காசு செலவில்லை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் சரியான கணக்கு.

தடுப்பு மருந்தை விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் போடும் ஊசியும் முக்கியமானவை. இடையில் போட வேண்டியதை மருத்துவர் சொல்வார். எந்தக் கிழமையில் போடுகிறார்கள் என்று உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒடுங்கி நிற்கும் குஞ்சுக்கு அன்றைக்கே போட வேண்டாம்; தெம்பு வந்த பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி அனுப்பிய சகோதரிக்கு என் பதில் இதுதான். உங்கள் ரெண்டு குஞ்சுக்கும் மருந்து வாங்க இப்போது ஓட வேண்டாம். இன்று இரவு காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சூடு கொடுங்கள், கழிவாயைப் பாருங்கள், தலையில் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டு நாள் தாய்க்கோழியைப் பஞ்சாரத்தை விட்டு வெளியே விடாதீர்கள். மூன்றாம் நாளும் இறக்கை தொங்கினால், ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, கொஞ்சம் எச்சத்தையும் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, காலையிலேயே மருந்தகத்துக்குப் போங்கள்.